உணர்வு உள்ள இடத்தில் ஒட்டுங்கள்: நரம்பு வலிக்கு மின்தூண்டல், ஓர் எளிய விளக்கம்

இரவு 11 மணி தாண்டியதும் அம்மாவின் அறைக் கதவு திறக்கும். வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டில் குளியலறைத் தரைதான் அதிகக் குளிர்ச்சி. அங்கே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு, டைல்ஸில் இரண்டு பாதங்களையும் அழுத்தி வைத்தபடி நிற்பார். "தணலுக்கு மேல நிக்கிற மாதிரி இருக்கு பிள்ளை" என்பார். நான் குனிந்து காலைத் தொட்டுப் பார்ப்பேன். சூடு எதுவும் இருக்காது. இன்னொன்று, நான் தொட்டதே அவருக்குத் தெரியாது.

18 வருடச் சீனி வருத்தம். கிளினிக்கில் டொக்டர் சொன்ன பெயர் நீரிழிவு நரம்புப் பாதிப்பு. எரிகிறது, ஆனால் தொட்டால் தெரியவில்லை. இந்த இரண்டும் ஒரே காலில் எப்படிச் சேர்ந்து இருக்கும் என்பது எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. அது விளங்கியபோதுதான், பிசியோதெரபியில் "கரண்ட் பிடிக்கிறது" என்று நம் ஆட்கள் சொல்லும் அந்தச் சிகிச்சையும் விளங்கியது. இது தெரியாமல் நான் ஒரு பிழை விட்டேன். வேறு யாரும் அதை விடக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

கையில் சுடுநீர் பட்டால் வலிக்கிறது. தோலுக்குச் சேதம், அதை நரம்பு மூளைக்குச் சொல்கிறது. அது சாதாரண வலி. நரம்பு வலியில் பழுதாகி இருப்பது அந்தச் சேதியைக் கொண்டுபோகும் நரம்பேதான். கொழும்பில் பெருமழை பெய்து சுவருக்குள் வயர் நனைந்தால், வாசலில் ஆளே இல்லாமல் காலிங் பெல் அடிக்குமே, அப்படி. பெல்லிலும் பிழை இல்லை, வாசலிலும் யாரும் இல்லை. பிழை நடுவில். காலில் காயம் இல்லாமல் கால் எரிவது இதனால்தான். எரிவு, ஊசி குத்துவது போன்ற குத்து, திடீரென்று கரண்ட் அடித்தது போல ஒரு வெட்டு, எறும்பு ஊர்வது போன்ற உணர்வு, படுக்கை விரிப்பு பட்டாலே தாங்க முடியாமை. இந்தச் சொற்களை நோயாளி சொன்னால் டொக்டர் நரம்பைத்தான் முதலில் நினைப்பார். நாரியிலிருந்து கால்வரை இழுக்கும் சயாட்டிக்கா, அக்கி ஆறிய பிறகும் மாதக்கணக்கில் நிற்கும் வலி எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

சரி, தொட்டால் ஏன் தெரியவில்லை? நரம்பு ஒற்றை வயர் இல்லை. பலவகை நார்கள் சேர்ந்த கட்டு. தடித்த நார்கள் தொடுகையையும் அதிர்வையும் கொண்டுபோகின்றன. அவற்றைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை இருப்பதால் செக்கனுக்கு 35 முதல் 75 மீற்றர் வேகத்தில் சேதி ஓடுகிறது. மெல்லிய, உறையில்லாத நார்கள் எரிவையும் உளைவையும் கொண்டுபோகின்றன. அவற்றின் வேகம் செக்கனுக்கு அரை மீற்றரிலிருந்து 2 மீற்றர்தான், ஆள் நடந்துபோகிற வேகம். கதிரைக் காலில் விரலை இடித்துக்கொண்டால், இடித்தது உடனே தெரிகிறது, அந்தப் பொல்லாத உளைவு ஒரு கணம் கழித்துத்தான் வருகிறது. காரணம் இந்த வேக வித்தியாசம்.

சீனி வருத்தம் நெடுநாள் கட்டுப்பாடின்றி இருந்தால் இந்த நார்கள் எல்லாமே பழுதாகலாம். உடம்பிலேயே நீளமான நரம்புகளின் நுனி, அதாவது கால்விரல், முதலில் அடிபடும். பிறகு மெல்ல மேலே ஏறும். பழுதான மெல்லிய நார்கள் சும்மா இருக்காமல் தாங்களாகவே எரிவுச் சேதி அனுப்பத் தொடங்குகின்றன. தடித்த நார்களோ பேச்சை நிறுத்திவிடுகின்றன. அம்மாவின் பாதம் எரிந்ததும் விறைத்ததும் ஒரே நோயின் இரண்டு முகம்.

இனி மின்சாரத்துக்கு வருவோம். குழந்தை விழுந்து முழங்காலில் அடிபட்டால் நாம் செய்கிற முதல் வேலை அந்த இடத்தைத் தேய்த்து விடுவது. தேய்த்ததும் நோ குறைகிறது. ஏன் குறைகிறது என்பதற்கு 1965இல் ரொனால்ட் மெல்சாக்கும் பட்ரிக் வோலும் ஒரு விளக்கம் தந்தார்கள். முள்ளந்தண்டுக்குள் ஓடும் முண்ணாணில் வலிச் சேதி மூளைக்கு ஏறும் முன் ஒரு கதவைக் கடக்க வேண்டும், தடித்த நார்கள் வழியாகத் தொடுகைச் சேதி நிறைய வந்தால் அந்தக் கதவு ஒடுங்கிவிடும் என்றார்கள். இதைக் கதவுக் கட்டுப்பாட்டுக் கோட்பாடு என்கிறோம். அதன் நுணுக்கங்கள் சில பின்னாளில் திருத்தப்பட்டன. ஆனால் மையக் கருத்து இன்றும் நிற்கிறது.

எனக்கு இதை விளங்கவைத்தது புகையிரதக் கடவை. ரயில் வரும்போது கடவை மூடுகிறது, வாகனங்கள் காத்து நிற்கின்றன. ரயில் போனதும் திறக்கிறது. தேய்ப்பதால் வரும் தொடுகைச் சேதிதான் ரயில், வலிச் சேதிதான் வாகனம். அடுத்தடுத்து ரயில் வந்துகொண்டே இருந்தால் கடவை மூடியபடியே இருக்கும் அல்லவா? ஆனால் நாள் முழுக்கக் கையால் தேய்த்துக்கொண்டிருக்க முடியாது. அந்த வேலையைத் தோலுக்கு மேல் சிறு மின்துடிப்புகளால் செய்தால் என்ன?

1967இல் வோலும் வில்லியம் ஸ்வீட் என்ற நரம்பு அறுவை மருத்துவரும் அதைத்தான் செய்து பார்த்தார்கள். நாட்பட்ட கடும் வலியோடு இருந்த 8 நோயாளிகளின் உணர்வு நரம்புகளைச் செக்கனுக்கு 100 துடிப்பு வீதம் தூண்டினார்கள். தூண்டல் நடக்கும்போது, முன்பு தொடவே முடியாத இடத்தை அழுத்தியபோதும் வலிக்கவில்லை. அவர்களில் 4 பேருக்கு இருந்தது நரம்பு நோய். வெறும் 2 நிமிடத் தூண்டலுக்குப் பிறகு அவர்களுக்கு அரை மணித்தியாலத்துக்கும் மேலாக வலி குறைந்திருந்தது. அதன் பின்தான், 1970களில், கையில் அடங்கும் பெட்டிகள் வந்தன.

மின்சாரத்தால் வலியைத் தணிக்கும் எண்ணம் இதைவிட மிகப் பழையது. கிறிஸ்துவுக்குப் பின் முதலாம் நூற்றாண்டிலேயே ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற ரோம வைத்தியர், மூட்டுவாதக்காரரை ஈரக் கடற்கரையில் உயிருள்ள மின்திருக்கையின் மேல் பாதம் வைத்து நிற்கச் சொல்லியிருக்கிறார், முழங்கால்வரை விறைக்கும்வரை. அம்மா குளியலறை டைல்ஸில் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்த ரோமக் கடற்கரை நினைவு வரும்.

இன்று பரவலாக இருப்பது டென்ஸ் எனப்படும் கருவி. தோலுக்கு மேலிருந்தே நரம்பை மின்னால் தூண்டுவது என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். ஊசி இல்லை, வெட்டு இல்லை. பழைய பட்டன் போன் அளவுப் பெட்டி, இரண்டோ நான்கோ வயர், நுனியில் ஜெல் பூசிய ஒட்டும் பேட். பெரும்பாலும் 9 வோல்ட் பற்றரியில் ஓடும். வீட்டுப் பிளக்கில் வரும் 230 வோல்ட்டோடு இதை நினைத்துப் பயப்பட வேண்டாம். சார்ஜ் செய்யும் வகையாக இருந்தால், சார்ஜில் போட்டபடி மட்டும் உடம்பில் ஒட்டக்கூடாது.

ஒவ்வொரு துடிப்பும் ஒரு செக்கனின் பத்தாயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு நேரம்தான் நீடிக்கும். இதில்தான் கருவியின் சூட்சுமம் இருக்கிறது. தடித்த நார்கள் மெல்லிய கரண்டுக்கே விழித்துக்கொள்ளும். மெல்லிய வலி நார்களை எழுப்ப அதைவிடக் கூடிய கரண்ட் வேண்டும். ஆகவே கரண்டை மெதுமெதுவாக ஏற்றினால் முதலில் தொடுகை நார்கள் மட்டும் எழும்பும், ஒரு நல்ல கிச்சுகிச்சு போல, மழைத் தூறல் போலத் தெரியும். இன்னும் ஏற்றினால் தசை துடிக்கும். அதற்கும் மேல் போனால் வலிக்கும். நாம் நிற்க வேண்டியது முதல் கட்டத்தின் உச்சியில். உறுதியாகத் தெரிய வேண்டும், ஆனால் நோகக்கூடாது. சும்மா இலேசாகத் தெரிந்தால் போதும் என்று குறைத்து வைப்பவர்களுக்குத்தான் இது அதிகம் வேலை செய்வதில்லை.

பெட்டியில் இரண்டு விதமாக வைக்கலாம். செக்கனுக்கு 80 முதல் 100 துடிப்பு என்பது சாதாரண முறை, கடவையை மூடுகிற வேலை. செக்கனுக்கு 2 முதல் 4 துடிப்பு என்பது மெதுவான முறை. தசை துடிக்கும் அளவுக்கு ஏற்றினால், உடம்பு தானே சுரக்கும் அபின் போன்ற வலிநீக்கிகளைக் கூட்டும். உண்மையில் வேகமான முறையிலும் இந்தச் சுரப்புக்குப் பங்கு இருக்கிறது என்று பிந்திய ஆய்வுகள் காட்டின. புதியவர்கள் வேகமான முறையிலிருந்து தொடங்குவது நல்லது.

அம்மாவின் பாதத்தில் நான் விட்ட பிழை

பெட்டி வாங்கி வந்த அன்றிரவே அம்மாவின் உள்ளங்காலில் பேட்டை ஒட்டினேன். எரிகிற இடம் அதுதானே. கரண்டை ஏற்றினேன். "ஏதும் தெரியுதா அம்மா?" "இல்லை." இன்னும் ஏற்றினேன். "இப்ப?" "ஒண்டும் இல்லை பிள்ளை." கருவி பழுது என்று நினைத்து என் கையில் ஒட்டிப் பார்த்தேன், சின்ன எண்ணிலேயே துள்ளிப்போனேன். திரும்ப அவர் காலில் ஒட்டி, இன்னும் ஏற்றி, அரை மணித்தியாலம் விட்டேன். கழற்றிய போது ஒரு பேட் இருந்த இடம் சதுரமாகச் சிவந்திருந்தது. அதன் மூலையில் ஒரு கொப்புளம். சீனி வருத்தக்காரரின் பாதத்தில் கொப்புளம் என்றால் என்ன அர்த்தம் என்று தெரிந்தவர்களுக்கு என் நிலை புரியும். அது ஆற மூன்று கிழமை எடுத்தது. அந்த மூன்று கிழமையும் நான் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை.

பிறகு பிசியோதெரபிஸ்ட் ஒருவர் எங்களை இருத்தி வைத்துச் சொன்னார். "அவவின்ட காலில கரண்ட் ஓடாமல் இல்லை. ஓடினது அவவுக்குத் தெரியேல்ல, அவ்வளவுதான்." யோசித்துப் பாருங்கள், இந்தக் கருவி பேசுவது தடித்த நார்களோடு. உள்ளங்காலில் அந்த நார்கள் ஏற்கெனவே செத்துவிட்டன. கேட்க ஆளில்லாத வீட்டில் எவ்வளவு சத்தமாகக் கூப்பிட்டும் பயனில்லை. தோல் மட்டும்தான் சுடும்.

அவர் செய்தது இது. அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு பஞ்சுத் துண்டால் கால்விரலிலிருந்து மேல்நோக்கித் தொட்டுக்கொண்டே வந்தார். "தெரியுதோ சொல்லுங்கோ அம்மா." கணுக்காலுக்கு மேல் நான்கு விரல் தூரத்தில் அம்மா "ஓம்" என்றார். அங்கே பேனையால் ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு மேலே, கெண்டைக்கால் தசையின் வெளிப்பக்கத்தில் ஒரு பேட், உட்பக்கத்தில் ஒரு பேட். கரண்ட் ஏறியதும் அம்மா சிறிது நேரம் பேசவில்லை. "கீழ இறங்குது பிள்ளை, காலுக்குள்ள இறங்குது" என்றார். பாதத்துக்குப் போகும் நரம்புகள் அந்த வழியாகத்தானே போகின்றன. பாதத்துச் சேதி போய்ச்சேரும் முண்ணாண் பகுதிக்கே இதன் சேதியும் போகிறது.

இந்த விதி மற்ற நரம்பு வலிக்கும் பொருந்தும். அக்கி வந்து ஆறிய இடத்தில் துணி பட்டாலே உயிர் போகும், அதன் மேல் பேட் ஒட்டினால் வலி கூடும். பக்கத்தில், நல்ல தோலில் ஒட்ட வேண்டும். சயாட்டிக்காவில் நாரியிலும் பிட்டத்திலும் அந்த நரம்பு போகும் வழியில் ஒட்டுவார்கள். அங்கே உணர்வு பொதுவாக நன்றாக இருப்பதால் சிக்கல் குறைவு.

ஒட்டுவதிலும் கொழும்பு வெயிலுக்கென்று சில கவனங்கள் உண்டு. கால் வியர்த்திருந்தால் பேட் பிடிக்காது. சித்தாலேப தடவிய காலில் அறவே பிடிக்காது, எண்ணெய்ப் பசை ஜெல்லைக் கெடுத்துவிடும். சவர்க்காரம் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, ஃபேனுக்குக் கீழே ஐந்து நிமிடம் காயவிட்டு ஒட்டினால் போதும். கருவியை அணைத்து வைத்துக்கொண்டுதான் பேட்டை ஒட்டவும் வேண்டும், கழற்றவும் வேண்டும். இரண்டு பேட்டுக்கும் இடையில் குறைந்தது ஒரு அங்குலம் விடுங்கள். 30 நிமிடம் முதல் ஒரு மணித்தியாலம்வரை வைக்கலாம். பத்து நிமிடத்தில் உடம்பு பழகி உணர்வு மங்கும், அப்போது இன்னும் ஒரு படி ஏற்றலாம். கழற்றியதும் தோலைப் பார்க்க வேண்டும். சிறிது நேரத்தில் மறையும் சிவப்பு பரவாயில்லை, மறையாவிட்டால் அந்த இடத்தை விட்டுவிட வேண்டும்.

அப்புறம் தேநீர். 1995இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், 200 மில்லிகிராம் கஃபீன் எடுத்தவர்களுக்கு டென்ஸின் பலன் குறைந்திருந்தது. ஒரு கோப்பை பிளேன்டீயில் அவ்வளவு கஃபீன் கிடையாது. ஆனால் எங்கள் வீட்டில் பின்னேரம் ஒரு கோப்பையோடு யார் நிறுத்துகிறார்கள்? அம்மா இரவுக் கரண்டுக்கு முந்திய தேநீரை விட்டுவிட்டார். அதுதான் அவருக்கு இந்தச் சிகிச்சையிலேயே கஷ்டமான பகுதி.

இது எந்த அளவுக்கு வேலை செய்கிறது?

உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும், ஏனென்றால் வலியில் கிடப்பவர்களிடம் பொய் சொல்லி விற்பது பாவம். 2022இல் 381 பரிசோதனைகளைத் திரட்டிப் பார்த்த ஓர் ஆய்வு, கருவி ஓடும்போதும் அணைத்த உடனும் கரண்ட் ஓடாத போலிக் கருவியைவிட டென்ஸில் வலி குறைகிறது, பாரதூரமான தீங்கு இல்லை என்றது. ஆனால் அது எல்லாவகை வலியையும் சேர்த்துப் பார்த்தது. நரம்பு வலியை மட்டும் எடுத்துப் பார்த்த, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் கொக்ரேன் அமைப்பின் 2017ஆம் ஆண்டு மீளாய்வு, கிடைத்த 15 ஆய்வுகளின் தரம் மிகக் குறைவு, உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்றது. அமெரிக்க நரம்பியல் கழகம் 2010இல், நீரிழிவு நரம்பு வலிக்கு இதை முயன்று பார்க்கலாம், நாட்பட்ட நாரி வலிக்குப் பயனில்லை என்று பிரித்துச் சொன்னது. பிரித்தானியாவில் எந்தச் சிகிச்சையைத் தரலாம் என்று வழிகாட்டும் நைஸ் அமைப்பும் 2016இல் நாரி வலிக்கும் சயாட்டிக்காவுக்கும் இதைத் தர வேண்டாம் என்றுதான் சொன்னது.

இவற்றை வைத்து நான் எடுத்த முடிவு, விலை தாங்குமானால், ஆபத்துக் காரணங்கள் இல்லையானால், இரண்டு மூன்று கிழமை ஒழுங்காக முயன்று பார்க்கலாம். ஒரு கொப்பியில் தினமும் வலியைப் பத்துக்கு எத்தனை என்று எழுதுங்கள். இரவில் எத்தனை முறை எழும்பினார் என்றும் எழுதுங்கள், நான் நம்புவது இந்த இரண்டாவது எண்ணை. அம்மா நான்கு தடவை எழும்பியவர் ஒன்று, இரண்டு என்று வந்தார். எரிவு போய்விடவில்லை, காலையில் திரும்ப இருக்கிறது. ரயில் போனால் கடவை திறக்கும்தானே. ஆனால் நித்திரை கிடைத்தது.

"செத்த நரம்பை உயிர்ப்பிக்கும்", "சீனி வருத்தக் காலைக் குணமாக்கும்" என்று சொல்லி விற்கப்படும் கருவிகளைக் கண்டால் தயவுசெய்து காசைக் கொடுக்காதீர்கள். டென்ஸ் வலிச் சேதியைத் தடுக்கிறது, நரம்பை வளர்ப்பதில்லை. நரம்பைக் காப்பாற்ற வேண்டியது சீனிக் கட்டுப்பாடும் பொருத்தமான செருப்பும் தினமும் பாதத்தைப் பார்க்கும் பழக்கமும்தான். மெட்ஃபோர்மின் நெடுநாள் எடுப்பவர்களுக்கு விற்றமின் பி12 குறையலாம், அதுவும் இதே மாதிரி எரிவைத் தரும். ஆகவே அதைச் சோதிக்க முடியுமா என்று கிளினிக்கில் கேளுங்கள். டொக்டர் எழுதித்தரும் அமிட்ரிப்டிலின், ப்ரீகபாலின், டுலோக்செட்டின் போன்ற மருந்துகளையும் கருவி வாங்கிவிட்டோம் என்று தாங்களாக நிறுத்தக்கூடாது.

பேஸ்மேக்கர் அல்லது இதயத்துக்குள் வைத்த வேறு மின்கருவி உள்ளவர்கள் இதைத் தொடவே வேண்டாம், இதய வைத்தியர் சம்மதித்தால் ஒழிய. வலிப்பு நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள், காலில் இரத்தக்கட்டி உள்ளவர்கள் முதலில் டொக்டரிடம் கேட்க வேண்டும். கழுத்தின் முன்பக்கம், கண்ணருகே, நெஞ்சுக்குக் குறுக்கே, புண்ணின் மேல் ஒட்டக்கூடாது. குளிக்கும்போதும் வாகனம் ஓட்டும்போதும் நித்திரையிலும் போடக்கூடாது. நாரி வலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடில்லாமல் போனால், இரு தொடைகளுக்கும் இடையில் விறைத்தால், கால் திடீரெனப் பலமிழந்தால் பெட்டியைத் தேட வேண்டாம். உடனே ஆஸ்பத்திரி.

வாங்குவதற்கு முன் ஒரு தடவையாவது பிசியோதெரபி அறையில் போட்டுப் பாருங்கள். அரசாங்க வைத்தியசாலையில் காசில்லாமலே பார்ப்பார்கள், கிளினிக் டொக்டரின் கடிதம் மட்டும் வேண்டும். அங்கே இருக்கும் பெரிய மெஷின் வேறாகவும் இருக்கலாம். 4000 ஹெர்ட்ஸ் அளவிலான இரண்டு கரண்டுகளைக் குறுக்காக ஓடவிடும் இன்டர்ஃபெரென்ஷியல் என்பதை நம் பிசியோதெரபி அறைகளில் அதிகம் காணலாம். தசையைச் சுருங்கவைக்கும் மெஷினும் உண்டு, அது பலம் ஏற்றுவதற்கு. கடையில் அதுவும் டென்ஸும் ஒரே மாதிரிப் பெட்டியில் இருக்கும், ஆகவே "வலிக்கு" என்று அழுத்திக் கேளுங்கள். இங்கே மருத்துவக் கருவிகளையும் பதிவு செய்வது தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகாரசபைதான். பதிவு இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. பேட்டுகள் இருபது முப்பது தடவைக்குள் ஒட்டும் தன்மையை இழக்கும் என்பதால், அவை தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்பதையும் அன்றே கேட்டுவிடுங்கள்.

பஞ்சு வைத்துப் பார்க்கும் அந்தச் சோதனையை நாங்கள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை செய்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலை, குளித்துவிட்டு வந்து கட்டிலில் காலை நீட்டி அம்மா கண்ணை மூடிக்கொள்வார். போன தடவை "ஓம்" என்ற சொல் முந்திய கோட்டைவிட ஒரு விரல் மேலே வந்தது. பேட்டுகளை ஒரு விரல் மேலே ஏற்றினோம். கோடு நகர்ந்ததைக் கொப்பியில் திகதியோடு எழுதி, அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் காட்டினேன்.